டேப்பட் சத்தம்

எதிர்வீட்டு மாமா கதவைச் சாத்தும் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பின் கதவுகள் எல்லாம் உப்புக் காற்றில் வீங்கிப்போனவை. ஓங்கி ஓர் அறை விட்டால்தான் சட்டத்துக்குள் போகும். காலை ஆறு மணிக்கு மூன்று மாடியிலும் அந்த அறைகள் ஆரம்பித்துவிடும். அவர் கதவு மட்டும் எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று யாருக்கும் தெரியாது. சட்டம் முழுக்கப் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி ஒட்டியிருந்தார். தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றியிருந்தார். வாளிக் கைப்பிடிக்குத் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு வெட்டி மாட்டியிருந்தார். வெளியே கன்டெய்னர் லாரிகள் ஒரு மைல் நீளத்துக்கு வரிசை கட்டி உறுமிக்கொண்டு நிற்கும். கடல் பக்கம் கப்பல் ஊதும். இந்தப் பக்கம் ரயில்வே கேட்டில் மணி அடிக்கும். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் தன் வாளிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தாளு தாளிச்சா கடுகுகூட வெடிக்காதுடி” என்பாள் அம்மா.

நான் நேர்மாறு. படியை இரண்டிரண்டாகத் தாவி இறங்குகிறவள். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள். அப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். கல்லூரியில் பாதியாக அறுத்துச் சாயம் பூசி வைத்த ஓர் இஞ்சின் இருந்தது. அதைச் சுற்றி நின்று படம் வரைந்தோம். யார் கையிலும் எண்ணெய் படவில்லை. எண்ணெய் படும் இஞ்சின் எங்கள் மாடிப்படிக்குக் கீழே நின்றது. மாமாவின் நூறு சிசி பைக். என்னைவிட மூத்தது. கறுப்பு டாங்கில் சிவப்புக் கோடு, ஒரு பக்கம் கோடு தேய்ந்து கறுப்பே மிச்சம்.

அவர் மெக்கானிக் இல்லை. கன்டெய்னர் யார்டு ஒன்றில் கேட்டில் நின்று, உள்ளே வரும் பெட்டிகளின் எண்ணையும் முத்திரையையும் பார்த்து எழுதும் வேலை. காலை ஷிப்டு. வேன் வந்து கூட்டிப்போகும். பைக் பெரும்பாலும் படிக்குக் கீழேயே நிற்கும். ஆனால் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, மதியம் சாப்பிட்டு முடித்ததும், கார்பரேட்டரைக் கழற்றிவிடுவார்.

“ரெண்டு வாரம் முன்னாடிதான மாமா கழட்டுனீங்க?” என்று கேட்டால்,

“இந்த ஊரு காத்துல உப்பும் கீது, சாம்பலும் கீது. அது இன்னா லீவு போட்டுகினா வருது?” என்பார். அதையும் வாய்க்குள்ளேயே சொல்வார். குனிந்துதான் கேட்க வேண்டும்.

அவர் அதைப் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் ஓர் ஈரச் சாக்கை விரிப்பார். ஸ்பேனர் தரையில் பட்டால் சத்தம் வராது. பெட்ரோல் ஊற்றி ஊற வைக்க எல்லோரும் எவர்சில்வர் கிண்ணம் எடுப்பார்கள். அவர் ஐஸ்கிரீம் டப்பாதான் எடுப்பார். பித்தளை ஜெட் உள்ளே விழும்போது ‘டக்’ என்று இருக்கும், ‘டிங்’ என்று இருக்காது. ஜெட் என்பது பட்டாணி அளவு திருகாணி. அதன் நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் ஏறுகிறது. அடைத்துக்கொண்டால் வண்டி இருமும். மெக்கானிக் கடைகளில் கம்பி விட்டுக் குத்துவார்கள். இவர் காசிமேட்டிலிருந்து தங்கூசி வாங்கி வைத்திருந்தார், மீன்வலை பின்னுகிற அந்த நைலான் நரம்பு. அதில் ஒரு சாண் நறுக்கி, வாயில் ஈரப்படுத்தி, ஓட்டைக்குள் விட்டு இழுப்பார். பிறகு ஜெட்டை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். அந்தத் துளிக்குள் எவ்வளவு வானம் தெரிகிறதோ, அவ்வளவு சுத்தம்.

“கம்பி உட்டா சீக்கிரம் ஆயிடுமே மாமா.”

“ஆவும். ஓட்டையும் பெரிசாவும்.”

“நான் ஒரே ஒருவாட்டி…”

“கைய எடு இன்ஜினீரு.”

இதுதான் எனக்கு அவர் வைத்திருந்த பெயர், எனக்கு அவர் வைத்திருந்த சட்டமும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குந்தி வேடிக்கை பார்க்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். தொடக் கூடாது. அந்த வயதில் எனக்கிருந்த ஆசைகளில் பெரியது, அந்த வண்டியில் ஒரே ஒரு நட்டையாவது கழற்றி மாட்டி, அவர் வாயால் ‘சரி’ என்று கேட்பது. சிரிக்காதீர்கள். உண்மையிலேயே அவ்வளவுதான் கேட்டேன்.

கார்பரேட்டர் முடிந்தால் டேப்பட். இஞ்சினின் தலையில் இரண்டு சின்ன மூடிகள் இருக்கும். திறந்தால் உள்ளே வால்வுகளைத் தட்டித் திறக்கிற இரண்டு கைகள். தட்டும் கைக்கும் வால்வுக்கும் நடுவே முடியளவு இடைவெளி விட வேண்டும். அதை அளக்க விசிறிபோல விரிகிற மெல்லிய எஃகுத் தகடுகள் உண்டு. ஒவ்வொரு தகடும் ஓர் அளவு. இடைவெளி அதிகமானால் ‘டிக் டிக்’ என்று தையல் மிஷின் சத்தம். இடைவெளியே இல்லாவிட்டால் சத்தமே இல்லை, ஆனால் அதுதான் ஆபத்து.

இதை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். இரண்டாவது மாடி ஆட்டோ அண்ணன் ஒருநாள் தன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, “பாத்தியா நைனா, மெக்கானிக்கு இன்னா சூப்பரா டைட் பண்ணிக்கீறான், சத்தமே இல்ல” என்று பீற்றிக்கொண்டார். மாமா எப்போதாவது நீளமாகப் பேசியது அன்றுதான்.

“குஷியாயிடாத தம்பி. சத்தம் இல்லன்னா வால்வு ஒயுங்கா மூடலன்னு அர்த்தம். இஞ்சினு சூடாக ஆக, உள்ள நெருப்பு அதும்மேலயே அடிச்சிகினு இருக்கும். ஒருநாள் எரிஞ்சி பூடும். லேசா டிக் டிக்னு வரணும். போயி லூஸ் பண்ணிக்கோ.”

ஆட்டோ அண்ணன் போனபின் நான் அவர் வண்டியைப் பார்த்தேன். அதில் அந்த ‘டிக் டிக்’ கேட்காமல் போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அது எனக்கு அன்று உறைக்கவில்லை. நான் அவ்வளவு சூட்டிகை.

ஒருகாலத்தில் அந்த வீட்டில் சத்தம் இருந்தது. மகள் போட்ட சத்தம். அம்மா இல்லாமல் அவர் ஒற்றை ஆளாக வளர்த்த பெண். என்னைவிட ஆறு வயது பெரியவள், அதனால் எனக்கு அக்கா. அக்கா சிரித்தால் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா சாத்தினால் கதவு அதிராது, கட்டடம் அதிரும். அப்போதெல்லாம் அவர் பைக்கில்தான் வேலைக்குப் போய்வருவார். மாலையில் தெருமுனையில் பைக் திரும்பும்போதே அந்த ‘டிக் டிக்’கை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். பால்கனியிலிருந்து கீழே விளையாடும் எங்களைப் பார்த்துக் கத்துவாள்: “ஏய், நைனா வந்துட்டாரு, கேட்டைத் தொறங்க!” ஒரே மாதிரி பத்து வண்டி அந்தத் தெருவில் போகும். அவள் ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்தாள். கூட வேலை செய்த பையனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்திருந்தாள். பையன் வேறு மதம். மாமாவுக்கு அது பெரிய தடையாக இருந்திருக்காது என்றுதான் அம்மா இன்றுவரை சொல்கிறாள். “அதுக்கில்லடி. பெத்தவன் டீக்கடையில எவனோ சொல்லித் தெரிஞ்சிக்கறதா? அதான் அந்தாளுக்குத் தாங்கல.” டீக்கடையிலிருந்து நேராக வந்தார். அன்றைக்குத்தான், என் வாழ்நாளில் ஒரே தடவை, அவர் குரல் என்ன அளவு என்று தெரிந்தது. மூன்று மாடியும் வெளியே வந்து நின்றது.

“போ! இனிமே இந்தப் படி ஏறாத!”

அக்கா பதிலுக்குக் கத்துவாள் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “ஏற மாட்டேன் நைனா” என்றாள். மெதுவாக, அவரைப் போலவே. படியிறங்கிப் போய்விட்டாள்.

டியூப், துணி, ஐஸ்கிரீம் டப்பா எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இரண்டு வருடம் கழித்து மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போக ஆரம்பித்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, ஒன்பது மணி. பத்தரைக்குத் திரும்பிவிடுவார். “எங்க மாமா?” என்றால் “சொம்மா ஒரு ரவுண்டு.” எனக்கு எல்லாம் பிறகுதான் தெரிந்தது. நீங்கள் இப்போதே தெரிந்துகொண்டால்தான் நான் செய்த காரியத்தின் அளவு புரியும். அக்கா மாத்தூரில் வீடு எடுத்துக் குடியிருந்தாள். பெண் குழந்தை பிறந்திருந்தது. மணலி வழியாகப் போனால் எங்கள் தெருவிலிருந்து அரைமணி நேரம். மாமா அவள் தெருமுனையில், ஞாயிற்றுக்கிழமை திறக்காத ஒரு ஹார்டுவேர் கடை வாசலில், இஞ்சினை அணைக்காமல் நிற்பார். அவள் பால்கனியில் துணி காயப்போட வருவாள். சில நாள் குழந்தையோடு வருவாள், சில நாள் வரவே மாட்டாள். பத்து நிமிடம். திரும்பிவிடுவார். ஏறாதே என்று சொன்னவர் எந்த முகத்தோடு அவள் படியில் ஏறுவார்? பார்த்துவிட்டு வரலாம். அவள் பார்க்கக் கூடாது.

அவள் பார்க்கக் கூடாதென்றால் வண்டி பேசக் கூடாது. செயினுக்குப் புது உறை, நம்பர் பிளேட்டுக்கு அடியில் ரப்பர், சைலன்சருக்கு உள்ளே புதுப் பஞ்சு. கடைசியாக டேப்பட். இரண்டையும் இறுக்கிவிட்டார். ஆட்டோ அண்ணனுக்கு எதைச் செய்யாதே என்று சொன்னாரோ அதையே, தெரிந்தே, தன் வண்டிக்குச் செய்தார்.

நான் அவர் சனிக்கிழமை உழைப்பைப் பார்த்து வியந்துகொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட வேலைக்காரர், ஒரு சத்தம் விடாமல் வேட்டையாடுகிறாரே என்று.

ஒரு ஞாயிறு பத்தரைக்கு அவர் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கு ரயில்வே கேட் பக்கமிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் தாவி இறங்கினேன்.

“இன்னா ஆச்சு மாமா?”

“கேட்ல நின்னேன். ஆஃப் ஆயிடிச்சி.”

கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தேன். அந்த நிமிடம் சட்டத்தைக்கூட மறந்துவிட்டேன். உள்ளே காற்றே இறுகாமல், பஞ்சுமூட்டையை அழுத்துவதுபோல இறங்கியது. “கம்ப்ரஷனே இல்ல மாமா. பிரிச்சிப் பாக்கலாமா?”

“ஆறட்டும். கெளம்பிடும். கைய எடு.”

மறுநாள் காலை ஒரே உதையில் கிளம்பியது. குளிர்ந்திருந்தால் ஓடும், சூடானால் செத்துவிடும். என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது: வால்வு இறுக்கம். ஆனால் இவருக்கா? டேப்பட்டைப் பற்றி ஊருக்கே சொல்கிறவருக்கா? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு ஒரு மாலை அவர் மாத்திரை அட்டையைக் கைநீட்டி, கண்ணைச் சுருக்கி, தள்ளி வைத்துப் படிப்பதைப் பார்த்தேன். சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. கண். பாவம், தகட்டில் பொறித்திருக்கும் எண் அவருக்குத் தெரியவில்லை. தப்பான தகட்டை வைத்து அளக்கிறார். சொன்னால் மனம் உடைந்துபோவார்.

எனக்கு எல்லாம் எவ்வளவு சீக்கிரம் விளங்குகிறது, பாருங்கள்.

புதன்கிழமை. பரீட்சைக்குப் படிக்க விட்ட லீவு. மாமா ஷிப்டில் இருந்தார். வண்டி குளிர்ந்து நின்றது. என்னிடம் சொந்தமாகத் தகடுகள் இருந்தன, ஒரு வருடமாக உறைகூடப் பிரிக்காமல். ஈரச் சாக்கை விரித்தேன், அவர் விரிப்பதுபோலவே. மூடிகளைக் கழற்றினேன். இருப்பதிலேயே மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. பெட்ரோல் வரும் பக்கம், புகை போகும் பக்கம், இரண்டிலுமே இடைவெளி என்று ஒன்று இல்லை. இன்னும் ஒரு மாதம் விட்டால் வால்வு கருகியிருக்கும்.

பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, தகட்டை வைத்து, நட்டை இறுக்கினால் திருகும் கூடவே சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. அளவு தப்பிவிடுகிறது. மறுபடி. மறுபடி. ஆறாவது தடவை, தகட்டை இழுத்தபோது லேசாக ஒரு பிடி. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலவும் இல்லை, சிக்கவும் இல்லை. அதுதான். அந்தப் பிடியை விரல் இன்னும் மறக்கவில்லை.

மேலிருந்து அம்மா: “அடியே, அந்தாளு வண்டியில இன்னாடி பண்ற?”

“ஒண்ணும் இல்லம்மா. தொடைக்கிறேன்!”

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது சாதனை. அந்தச் சனிக்கிழமை அவர் வண்டியைப் பிரிக்கும் முறை இல்லை.

ஞாயிறு ஒன்பது மணி. பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். மாமா கீழே கிக்கரை உதைத்தார்.

டிக் டிக் டிக் டிக்.

அவர் கை ஆக்சிலேட்டரிலிருந்து எடுபட்டது. குனிந்து காதை இஞ்சினுக்குக் கொடுத்தார். அணைத்தார். பிறகு நிமிர்ந்து மேலே, நேராக என்னைப் பார்த்தார். அந்தக் குடியிருப்பில் நாற்பது வீடு இருக்கிறது. வேறு யாரையும் அவர் தேடவில்லை.

“நான்தான் மாமா!” வாயெல்லாம் நுரையோடு கத்தினேன். “ரெண்டுமே டைட்டா இருந்துச்சு! எரிஞ்சி போயிருக்கும்! கரெக்டா வெச்சிட்டேன்!”

குழாயடியில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மாமா வீட்டுக்குள் போனார். ஸ்பேனரும் திருப்புளியும் எடுத்துவந்து வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். சரி, என் வேலையைச் சோதிக்கிறார் என்று நினைத்து, வாயைக் கொப்பளிக்காமலே பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்பேனர் மூடியின் நட்டில் உட்கார்ந்தது. ஒரு திருப்பு திருப்பினால் திறந்துவிடும். பத்து நிமிடத்தில் பழையபடி இறுக்கிவிட்டுப் போயிருக்கலாம். இஞ்சின் இன்னும் சூடாகவில்லை. எல்லாம் அவர் கையில் இருந்தது.

ஸ்பேனர் அசையவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அம்மாகூட வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு ஸ்பேனரை எடுத்தார். சாக்கில் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைத்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வண்டிக் கண்ணாடியில் பார்த்துத் தலையை இன்னொரு தடவை வாரிக்கொண்டார். உதைத்தார். தெரு முழுக்க டிக் டிக் என்று அடித்துக்கொண்டு, குழாயடியைத் தாண்டி, லாரிகளைத் தாண்டி அந்தச் சத்தம் போனது.

“இன்னாடி இது, பழைய சத்தம் கேக்குது?” என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

பத்தரை ஆனது. பன்னிரண்டு ஆனது. நான் ரயில்வே கேட் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டு நட்டைச் சரியாக முறுக்கினேனா? ஆறாவது தடவை முறுக்கினேனா, இல்லை அளந்த குஷியில் விட்டுவிட்டேனா? நடுரோட்டில் இஞ்சின் பிடித்துக்கொண்டு, பின்னால் கன்டெய்னர் லாரி… இரண்டு மணிக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்கு மணிக்கு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. அதிலிருந்தே அவளும் பயந்துவிட்டாள் என்று தெரிந்தது.

ஆறு மணிக்கு ஷேர் ஆட்டோ ஒன்று தெருமுனையில் நின்றது. மாமா இறங்கினார். கையில் ஹெல்மெட். வண்டி இல்லை.

நான் போய் அவர் எதிரில் நின்றேன். “வண்டி மாமா? நின்னுடுச்சா?”

“எங்க நின்னுது? நல்லாத்தான் ஓடிச்சி.” படியின் கடைசிக் கல்லில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். அப்போதுதான் மாத்தூரையும், மூடிய கடை வாசலையும், பத்து மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளையும் சொன்னார். தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “சத்தம் கேட்டா அவ எட்டிப் பாப்பா. அதான் டைட்டு வெச்சிருந்தேன்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. “எனக்குத் தெரியாது மாமா. சத்தியமா. உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு…”

“கண்ணா?” முதல்முறையாகச் சிரித்தார். “தெரிஞ்சிருந்தா கை வெச்சிருப்பியா?”

நான் அவர் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன்.

“எட்டிப் பாத்தா,” என்றார். “கையில மீனு. ஆஞ்சிகினு இருந்திருக்கா. அப்பிடியே ஓடியாந்தா. கால்ல செருப்புகூட இல்ல. நான் கியர் போடறதுக்குள்ள சாவிய திருப்பி உருவிட்டா.”

“இன்னா சொன்னாங்க?”

“‘இன்னா நைனா, டேப்பட் இப்பிடி அடிக்குது’ன்னா.”

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நானும், நான்கூட, கேட்கவில்லை. “சாவி?” என்று மட்டும் கேட்டேன்.

“அவகிட்டதான் கீது. அடுத்த வாரம் போயி வண்டிய எடுத்தாறணும்.”

அடுத்த வாரம் ஷேர் ஆட்டோவில் போனார். ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார். “கொயந்த தூங்கிட்டா. கிக்கர் அடிச்சா முழிச்சிக்கும்.” அதற்கடுத்த வாரம், “மாப்ள வேலைக்கு எடுத்துகினு பூட்டாரு.” அப்புறம் ஒரு வாரம், “மய வர மாரி இருந்திச்சி.” வானத்தில் ஒரு மேகம் இல்லை. சாவி இருக்கும் இடம் தெரியவில்லை என்றார் இன்னொரு வாரம். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடிய உதட்டோரத்தில் சிரிப்பு கசிந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்கு அந்தக் கடைசிக் கல்லில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன சாக்கு சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு ஞாயிறு அவரே வரவில்லை.

இப்போது நான் ஒரகடத்தில் ஓர் இஞ்சின் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சுவரெல்லாம் நுரைப் பஞ்சு ஒட்டிய அறையில், இஞ்சினை ஓடவிட்டு, எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்டுபிடித்துக் குறைப்பது என் வேலை. நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். அங்கே யாரும் என்னைக் கையை எடுக்கச் சொல்வதில்லை. கையுறையைக் கொடுத்துத் தொடு என்கிறார்கள். சனிக்கிழமை மதியம் வீட்டில் இருந்தால் நான் பால்கனிக்குப் போவதைத் தவிர்க்கிறேன். மாத்தூர் அரைமணி நேரம்தான், போகலாம். ஆனால் அங்கே அவர் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மணலி மார்க்கெட்டுக்குப் போகிறாராம். கார்பரேட்டரை மாப்பிள்ளை ஒரு மெக்கானிக் கடையில் விட்டுச் சுத்தம் செய்து வாங்குகிறாராம். கம்பி விட்டுத்தான் குத்துவார்களாக இருக்கும். நான் போய் நின்றால் அவர் சந்தோஷமாகத்தான் இருப்பார். டீ கொடுப்பார்கள். ஈரச் சாக்கு விரித்திருக்காது. எனக்கு அந்தச் சாக்கின் ஓரம்தான் வேண்டியிருக்கிறது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

அவரிடமிருந்து கடைசியாக வந்த சேதி அக்கா கொண்டுவந்தது. அவர் திரும்பி வராத அந்த ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை அவள் லோடு ஆட்டோவோடு வந்தாள். தெருமுனையிலேயே டிரைவரோடு சண்டை போடும் குரல் கேட்டுவிட்டது. கீழேயே நின்றுகொண்டாள். மேலே ஏறவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கட்டில் பலகை, அடுப்பு, மிக்சி, துணிமூட்டை, குழாய்த் துண்டு மாட்டிய வாளி எல்லாவற்றையும் ஆட்டோ அண்ணனும் நானும் இறக்கிக் கொடுத்தோம். ஒவ்வொன்றையும் அவள் வாங்கி ஆட்டோவில் டமார் டமார் என்று போட்டாள். கடைசியாகக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவள் மறுபடி இறங்கினாள்.

“ஏய், மறந்தே பூட்டேன். நைனா உன்னாண்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு.”

“இன்னாக்கா?”

“பொக போற பக்கம் கொஞ்சம் லூசா வெச்சிட்டியாம்.”

முகம் விழுந்துவிட்டது. ஆறு தடவை அளந்தேனே. “பிரிச்சிப் பாத்தாராக்கா?”

“பிரிக்கல்லாம் இல்ல. காதுலயே சொல்றாரு.”

“அப்ப டைட் பண்ணிக்கச் சொல்லுங்கக்கா. கால் சுத்துகூட வாணாம், லேசா ஒரு…”

“நானும் அதான் கேட்டேன்,” என்றாள் அக்கா. “வாணாம்னுட்டாரு. அத்த யாரும் தொடக் கூடாதாம். இன்ஜினீரு வெச்சது, அப்பிடியே இருக்கட்டும்னாரு.”